மலைப்பாதையில் ஏறும்போது ஊர் எப்படித் தெரிகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் விதை, உரக் கடை வைத்திருக்கிறேன். சரக்கு எடுக்க வாரத்துக்கு இரண்டு தடவையாவது மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறவன். போன சீசனுக்கு முன்னால் எங்கள் பகுதியில் ஒரு கூட்டம் போட்டார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற வீடுகளுக்கெல்லாம் ஒரே நிறத்தில் பெயின்ட் அடித்து, டூரிஸ்ட் கண்ணுக்கு ஊரை எடுப்பாகக் காட்டலாம் என்பது யோசனை. கூட்டம் டீ, வர்க்கியோடு முடிந்தது. பேச்சு மட்டும் முடியவில்லை. அதிலிருந்து கடைக்கு வருகிறவர்களும், சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகனும், வண்டி ஓட்டும் பையன்களும் மாறி மாறிக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ரோட்டிலிருந்து ஊர் எப்படித் தெரிந்தால் என்ன? உள்ளே குடியிருப்பவனுக்கு நன்றாக இருந்தால் போதாதா?

கேட்டது அக்கா மகன். துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் ரோட்டில் தினமும் ஆபீஸ் போகிறான். அந்த ரோட்டில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தையும் பார்க்கலாம், அதை ஒட்டிக் கிடக்கும் பெருங்குடி குப்பைமேட்டையும் பார்க்கலாம். "கண்ணாடிய ஏத்திட்டு ஏசியப் போட்டா முடிஞ்சுது மாமா, யாரு வெளிய பாக்குறா?" என்றான். கண்ணாடியை ஏற்ற வேண்டியிருக்கிறது என்று அவனே ஒப்புக்கொண்டான் பாருங்கள்.

பெரிய நகரங்களில் பைபாஸும் ஃப்ரீவேயும் பெரும்பாலும் ஊரின் முதுகுப் பக்கமாகத்தான் ஓடும். நிலம் மலிவாகவும் எதிர்ப்புக் குரல் சன்னமாகவும் இருக்கிற இடமாகப் பார்த்துப் போடுவார்கள். இல்லையென்றால் ரோடு வந்த பிறகு எழும்புகிற கட்டிடங்கள் சத்தத்துக்கும் தூசிக்கும் பயந்து அதற்கு முதுகைத் திருப்பிக்கொள்ளும். எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் கண்ணில் படுவது குடோன் கூரை, கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, பால்கனியில் காயும் துணி. வாசலில் கோலம் போட்டு வைத்துவிட்டு விருந்தாளியைப் புழக்கடை வழியாகக் கூட்டி வருகிற கதைதான். ஊர்க்காரன் வாசலை நினைத்துப் பெருமைப்படுவான், வந்தவன் புழக்கடையை மனதில் வைத்துக்கொண்டு போவான்.

ஆகவே முக்கியம்தான் என்பது என் கட்சி. யாருக்காக முக்கியம் என்பதில்தான் கூட்டத்தில் இருந்தவர்களோடு எனக்கு ஒத்துவரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மலை ஊரில் ஃப்ரீவே ஏது? இந்தக் கேள்வி இங்கே எப்படிப் பொருந்தும்?

ஃப்ரீவே இல்லைதான். மேட்டுப்பாளையம் – குன்னூர் – ஊட்டி ரோடு பெயருக்குத் தேசிய நெடுஞ்சாலை. ஆனால் குன்னூர் போய்ச் சேருவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவு. மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போனால் பின்சீட்டில் எலுமிச்சம்பழத்தைத் தேடுவார்கள்.

இருந்தாலும் கேள்வி இங்கேதான் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது. சமவெளியில் ஊருக்கு ஒரு முகமும் ஒரு முதுகும் உண்டு. மலையில் புழக்கடை என்று ஒன்று கிடையாது. என் வீட்டின் பின்பக்கம் எதிர்ச் சரிவுக்காரருக்கு முன்பக்கம். கேத்தி பள்ளத்தாக்கை ஊட்டி ரோட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். சரிவில் வரிசை வரிசையாக ஹட்டிகள் என்கிற படுகர் ஊர்கள், நடுவில் கேரட்டும் உருளையும் போட்ட படிக்கட்டு வயல்கள், எதிரே தேயிலை. அதில் எந்த வீடு எதற்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் யாராவது ஒருவருக்கு நேராகவே இருக்கிறது.

என் கடையின் பின்புறம் காலிச் சாக்குகளை அடுக்கி நீலத் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பேன். பதினோரு வருடமாக அது யாருக்கும் தெரியாத மூலை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் எதிர்ச் சரிவிலிருந்து வந்த ஒரு அம்மா, பூண்டு விதை வாங்கிவிட்டுப் போகும்போது சொன்னார்: "உங்க தார்ப்பாய் எங்க சமையக்கட்டு ஜன்னல்ல நேரா தெரியும்ண்ணா. அது படபடன்னு அடிச்சுதுன்னா துணிய எடுத்துருவேன்." என் புழக்கடை அவருக்கு வானிலை அறிக்கையாக இருந்திருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது என்னதான் தெரிகிறது?

கல்லாறு வரை பாக்குத் தோப்பு. பாலம் தாண்டியதும் காடு, அப்புறம் பர்லியார் வரை ஊர் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இந்த வழியின் பெரிய அதிர்ஷ்டமே அதுதான். பலா பழுக்கிற மாதங்களில் யானை ரோட்டில் நிற்கும், இரண்டு பக்கமும் வண்டிகள் பேசாமல் நிற்கும். பர்லியாரில் மங்குஸ்தானும் துரியனும் வைத்த பழக்கடைகள், அவற்றின் மேல் கண் வைத்த குரங்குகள்.

அதற்கு மேல் மரப்பாலம். 1993 நவம்பரில் இங்கே மலை சரிந்து ரோட்டோடு வண்டிகளையும் ஆட்களையும் கொண்டுபோனது. இப்போது பார்த்தால் பச்சைப் பசேலென்று இருக்கிறது, ஏதும் நடந்த சுவடே தெரியாது. வயதான டிரைவர்கள் மட்டும் அந்த இடத்தில் ஒரு நொடி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

காட்டேரி தாண்டி மேலே நிமிர்ந்தால்தான் குன்னூர் தலைகாட்டும். முதலில் கூரைகள். துருப்பிடித்த பழைய தகரம், இங்கொன்றும் அங்கொன்றுமாய் மங்களூர் ஓடு, இப்போது எங்கும் பரவிவிட்ட நீலமும் சிவப்புமான கலர் ஷீட். பிறகு சுவர்கள். அப்புறம்தான் தூண்கள், சரிவில் ஊன்றிய ஒல்லிக் கான்கிரீட் கால்கள். கீழேயிருந்து வருகிறவனுக்கு ஊரின் பாதத்தைத்தான் முதலில் காட்டுகிறோம். சமவெளியில் எந்த ஊரும் தன் அஸ்திவாரத்தை இப்படி வெட்ட வெளிச்சமாகக் காட்டாது.

மலை ரயிலில் வந்தால் வேறு ஊர் தெரியுமா?

வேறு ஊர்தான். 1899-ல் குன்னூர் வரை வந்து, 1908-ல் ஊட்டி எட்டிய 46 கிலோமீட்டர் பாதை அது. பள்ளத்தாக்கில் ரோட்டை விட்டு ஒதுங்கி, பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. 16 குகை, 250 பாலம் என்று போகிற வழியில் கட்டிடமே அபூர்வம். 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு அதன் ஓரத்தை ஓரளவு கண்ணுங்கருத்துமாக வைத்திருக்கிறார்கள். ரயிலில் வந்தவர் ஊரைப் பற்றி எழுதுவதும் பஸ்ஸில் வந்தவர் எழுதுவதும் ஒட்டவே ஒட்டாது என்பதைக் கவனித்திருக்கிறேன்.

வெளிநாடுகளில் இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதாமே?

இருக்கிறது. அமெரிக்காவில் 1965-ல் அதிபர் லிண்டன் ஜான்சன் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பின்னால் நின்று தள்ளியவர் அவர் மனைவி லேடி பேர்ட் ஜான்சன். நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளைக் கட்டுப்படுத்துவது, பழைய கார் குவிக்கும் கிடங்குகளை மறைப்பது என்று அதில் பல இருந்தன. மலைகள் நிறைந்த வெர்மான்ட் மாநிலம் 1968-ல் சாலையோர விளம்பரப் பலகையே வேண்டாம் என்று சட்டம் போட்டது. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் மாநிலம் அது, நம்மைப் போலவே.

எனக்குப் பிடித்தது பிரேசிலின் சாவோ பாவ்லோ கதை. 2007-ல் நகரம் முழுக்க வெளிப்புற விளம்பரங்களைத் தடை செய்து கழற்றினார்கள். கழற்றியதும் பலகைகளுக்குப் பின்னால் இத்தனை நாள் மறைந்திருந்த பழைய நல்ல கட்டிடங்கள் தெரிந்தன. கூடவே குடிசைப் பகுதிகளும் தெரிந்தன. மறைப்பை எடுத்தால் இரண்டும் சேர்ந்துதானே வரும்?

இன்னும் சில நகரங்கள் கேள்வியையே திருப்பிப் போட்டன. சான் பிரான்சிஸ்கோவில் கடலோரமாக இரண்டடுக்கு எம்பார்கடேரோ ஃப்ரீவே இருந்தது. 1989 நிலநடுக்கத்தில் சேதமானது, 1991-ல் இடிக்கத் தொடங்கினார்கள், திரும்பக் கட்டவில்லை. சியோலில் 2003-லிருந்து 2005-க்குள் ஒரு உயர்மட்டச் சாலையை எடுத்துவிட்டு, அடியில் புதைந்து கிடந்த சோங்கெச்சோன் ஓடையைத் திறந்துவிட்டார்கள். ரோட்டிலிருந்து ஊர் எப்படித் தெரிகிறது என்பதை விட்டுவிட்டு, ஊரிலிருந்து ரோடு எப்படித் தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் இதை யாரும் கேட்கவில்லை. ரோட்டை அகலப்படுத்த வெட்டிய இடங்களைக் கீழே இருக்கிற தோட்டத்திலிருந்து நிமிர்ந்து பாருங்கள். பச்சை மலையில் சிவப்பாக ஒரு தழும்பு ஓடும்.

ரோட்டிலிருந்து அழகாகத் தெரிந்தால் அந்த இடம் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இதை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முதுமலை, மசினகுடிப் பக்கம் போகும்போது ரோட்டோரம் முழுக்க மஞ்சளாகப் பூத்துக் கொட்டும் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுப்பார்கள். அது சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அயல்நாட்டு மரம், தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம். அது அடர்ந்த இடத்தில் அடியில் புல் முளைக்காது, மானுக்கும் யானைக்கும் தீனி இருக்காது. வனத்துறை அதை வெட்டி எடுக்கப் படாத பாடு படுகிறது. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குக் காகிதக் கூழுக்காகக் கொடுக்கிறார்கள். கண்ணுக்கு விருந்து, காட்டுக்கு நோய்.

தலைகீழாகவும் நடக்கும். மேல்மலையின் புல்வெளியைக் கோடையில் பார்த்தால் காய்ந்து பழுப்பாக, மொட்டையாகத் தெரியும். "ஏங்க இங்க மரமே இல்ல, எல்லாத்தையும் வெட்டிட்டாங்களா?" என்று கேட்காத டூரிஸ்ட் இல்லை. அது வெட்டின இடமே இல்லை. புல்வெளியும் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் சோலையும்தான் இந்த மலையின் பழைய உடம்பு, தண்ணீரைப் பிடித்து வைத்து ஓடைக்கு விடுவது அதுதான். அவர் ரசித்துவிட்டு வந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும்தான் (வாட்டில்) வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து நட்டது. தேயிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நானே அந்தத் தேயிலைக்கு உரம் விற்றுப் பிழைக்கிறவன், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், பச்சையாக இருப்பதெல்லாம் காடு ஆகிவிடாது.

ஊட்டி ஏரியும் ஒரு உதாரணம். ரோட்டிலிருந்து படகும் மரமுமாய் அஞ்சல் அட்டை போலத் தெரியும். கோடப்பமந்து கால்வாய் வழியாக அதில் வந்து விழுகிற ஊர்ச் சாக்கடை ரோட்டிலிருந்து தெரியாது.

சரி, ரோட்டோர வீடுகளுக்கு ஒரே நிறம் அடித்தால் என்ன கெட்டுப் போகும்?

ஒன்றும் கெட்டுப் போகாது. இரண்டு மழை தாங்காது, அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழையில் இங்கே சுவர் ஒரு மாதம் ஈரம் காயாமல் நிற்கும், அடுத்த சீசனுக்குள் பாசி ஏறிவிடும். திரும்ப அடிக்க யார் காசு?

பெயின்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த வீடுகளைக் காட்டுவது, எவற்றை மறைப்பது என்று கூட்டத்தில் பேச்சுப் போன விதம்தான் பிடிக்கவில்லை. ஒரு வளைவுக்கு மேலே லயன் வீடுகள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், தெரிகின்றன. அங்கே இருப்பவர்களில் பலர் 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அவர்களுக்கு வேலை தரத்தான் 1968-ல் அரசு இங்கே தேயிலைத் தோட்டமே போட்டது, இன்றைய டான்டீ, தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். "அந்தப் பக்கம் மட்டும் உயரமா மூங்கில் வெச்சு மறைச்சிரலாம்" என்றார் ஒருவர், ரொம்ப நல்ல மனிதர்தான். 2020 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் வந்தபோது ஆமதாபாத்தில் குடிசைப் பகுதி ஓரமாகச் சுவர் எழுப்பினார்களே, அந்த யோசனைதான் சின்ன அளவில்.

அந்த லயனிலிருந்து கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு பாட்டி கடைசி வரை வாயே திறக்கவில்லை. கலையும்போது என்னிடம் மட்டும், "மூங்கில் வெச்சா எங்களுக்கு வெயில் வராதே தம்பி, துணி எப்படிக் காயும்?" என்றார். அதற்கு மேல் இதில் என்னிடம் வாதம் எதுவும் இல்லை.

கட்டிட உயரத்துக்குத்தான் கட்டுப்பாடு இருக்கிறதே, அது போதாதா?

கட்டுப்பாடு வந்ததே மலைக்கு நல்லது. நீலகிரியில் மாஸ்டர் பிளான், மலைப்பகுதி பாதுகாப்புக் குழு என்று அனுமதிக்குப் பல படி ஏற வேண்டும். கொடைக்கானலில் 1990-களில் ஒரு ஹோட்டலுக்கு இரண்டு தளத்துக்கு மேல் ஏழு வரை போக அரசு விலக்குக் கொடுத்தபோது, பழனி மலைப் பாதுகாப்பு அமைப்பினர் வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றது. மலையின் மேல் ஒரு கட்டிடம் எவ்வளவு தூரத்திலிருந்து கண்ணை உறுத்தும் என்பது அன்றைக்குத் தமிழ்நாடு முழுக்கப் பேச்சானது.

ஆனால் ரோட்டிலிருந்து பார்க்கிறவரை ஏமாற்ற மலைச் சரிவு ஒரு வசதி செய்து தருகிறது. ரோட்டு மட்டத்தில் பாந்தமாக ஒரு தளம், சரிவுக் கூரை, ஜன்னலில் ஜெரேனியம் தொட்டி. பழைய பங்களா மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். அப்படியே எதிர்ச் சரிவுக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். ரோட்டுக்குக் கீழே இன்னும் மூன்று நான்கு தளம், பூசாத செங்கல், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குழாய், குழாயின் வாய்க்கு நேர் கீழே கறுத்துப்போன மண். வாசலில் ஒரு மாடி, வயிற்றில் நாலு மாடி. எதிர்ச் சரிவிலும் ஒரு ரோடு இருப்பதால்தான் இந்த வயிறு நமக்குத் தெரிகிறது.

ரோட்டோரத்துக் கான்கிரீட் சுவர்கள் அசிங்கமாக இருக்கின்றனவே?

அசிங்கம்தான். இருக்கட்டும். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்சரிவில் போனார்கள். அதைப் பார்த்தவன் சுவரின் அழகைப் பற்றிப் பேசமாட்டான். இப்போது சில இடங்களில் வேறு முறையும் செய்கிறார்கள். சரிவில் துளை போட்டு இரும்புக் கம்பியை ஆழமாக இறக்கி, சிமென்ட் கூழ் செலுத்தி, மேலே வலை விரித்து, புல் விதையைக் கரைசலாகப் பீய்ச்சுகிறார்கள். ஒரு மழைக்காலம் போனால் வலை தெரியாமல் புல் மூடுகிறது. கண்ணுக்கும் இதம்.

சுவரைப் பார்க்கும்போது அதில் விட்டிருக்கும் சின்னக் குழாய்த் துளைகளைக் கவனியுங்கள். சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியேறத்தான் அவை. மழை நாளில் துளை சொட்டிக்கொண்டிருந்தால் சுவர் பிழைத்தது. சுவர் முழுக்க ஈரம், துளை மட்டும் காய்ந்து கிடக்கிறது என்றால் உள்ளே அடைத்துக்கொண்டது, தண்ணீர் பின்னால் நின்று தள்ளுகிறது என்று பொருள்.

எங்கள் பக்கம் ஊட்டி ரோட்டில் ஒரு சுவரை அழகுபடுத்தினார்கள். மந்து என்கிற தோடர் குடியிருப்பு, தேயிலை பறிக்கும் பெண், மலை ரயில், கடைசியில் பெரிதாக ஒரு காட்டுமாடு. பையன்கள் அருமையாக வரைந்திருந்தார்கள், குறை சொல்ல மாட்டேன். படம் மழமழவென்று வரவேண்டும் என்று பட்டி பார்த்தவர்கள் துளைகளையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். காட்டுமாட்டின் கண் வர வேண்டிய இடத்தில் இருந்த ஒரே ஒரு துளையை மட்டும் கறுப்பாக இருக்கட்டும் என்று விட்டு வைத்தார்கள். சம்பந்தப்பட்ட ஆபீஸுக்கு இரண்டு முறை போய்ச் சொன்னேன். "படம் நல்லாத்தானே இருக்கு" என்றார்கள்.

விளம்பரப் பலகைகள்?

ஃப்ரீவேயில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஒரு நொடியில் 28 மீட்டர் கடந்துவிடுவான், அதனால் எழுத்து ஆள் உயரத்துக்கு இருந்தாக வேண்டும். இங்கே வண்டி ஊர்ந்து போகிறது, முழ நீளத் தகரம் போதும். அதனால் எங்கள் ஊரில் பெரிய பலகையை விடச் சின்னத் தகரத்தால்தான் தொல்லை. ஹோம்மேட் சாக்லேட், நீலகிரித் தைலம், ரூம் வாடகைக்கு என்று மரத்துக்கு நாலு ஆணி. ஜெகரண்டா பூக்கிற நாட்களில் மரம் முழுக்க ஊதாவாகவும் இடுப்பில் மட்டும் ரூம் வாடகையாகவும் நிற்கும். ஆணி அடித்த இடத்தில் மரம் அழுகத் தொடங்கும். அகற்றுவதாக அவ்வப்போது சொல்வார்கள், ஒரு வாரம் அகற்றவும் செய்வார்கள்.

குப்பை?

பிளாஸ்டிக் பைக்கு எதிராக 2000 வாக்கிலேயே கிளம்பிய மாவட்டம் இது. மாநிலம் முழுக்கத் தடை வந்தது 2019-ல்தான். ரோட்டு மேல் இன்று பரவாயில்லை. வளைவில் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருந்தால் இன்னும் பரவாயில்லை.

இ-பாஸ் வந்த பிறகு ஏதாவது மாறியதா?

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 சீசனில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று உச்ச வரம்பும் வைத்தார்கள். கடைக்காரனாக எனக்கு இதில் இரண்டு மனம் உண்டு, அது வேறு பேச்சு. இந்தக் கேள்விக்குச் சம்பந்தமானது ஒன்றுதான். நெரிசலில் நிற்கும் வண்டிகளின் வரிசைதான் சீசனில் ஊரின் முகம். எதிர்ச் சரிவிலிருந்து பார்த்தால் மலைக்குச் சரிகைக் கரை போட்ட மாதிரி கண்ணாடிகள் பளபளக்கும்.

கூடலூர் பக்கமிருந்து ஊட்டிக்கு வந்தால்?

அது வேறு முகம். பைக்காரா, தலைகுந்தா என்று மரமும் புல்லுமாக நன்றாக வந்து, இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை எதிர்ப்படும். 1960-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளில் எடுத்த எக்ஸ்ரேக்கள் பலவும் இங்கே செய்த 'இந்து' பிலிமில் பதிந்தவை. டிஜிட்டல் வந்தது, ஆலை மூடியது. அந்த வாசலைத் தாண்டும் காரில் எல்லோரும் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே போகிறார்கள், மரத்தை, மேகத்தை, தங்களை. அழகுபடுத்தும் கூட்டங்களில் அந்தக் கட்டிடத்தை என்ன செய்வது என்று கேட்பார்கள். அப்படியே இருக்கட்டும் என்பேன். இங்கே ஆயிரக்கணக்கானவர்கள் ஷிப்ட் பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் என்பதற்கு வேறு என்ன அடையாளம் இருக்கிறது?

அப்படியானால் யார் கண்ணுக்காக ஊரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள்?

காலை ஏழரை மணிக்குக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், டிபன் பாக்ஸோடு பள்ளிப் பிள்ளைகள், முக்காட்டைக் காதோடு இறுக்கிய தோட்டத்துப் பெண்கள், ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற தாத்தா. டூரிஸ்ட் இந்த ரோட்டை வருடத்தில் ஒரு முறை பார்ப்பார், அதிலும் பாதி நேரம் தூங்குவார். இவர்கள் வருடத்தில் முந்நூறு நாள், போக ஒரு முறை வர ஒரு முறை பார்க்கிறார்கள். கேத்தியில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது முடிப்பதற்குள் அதே சரிவை நாலாயிரம் தடவை பார்த்திருப்பாள். ஊர் என்றால் எப்படி இருக்கும் என்று அவள் மனதில் பதிவது அந்த ஜன்னல் வழியாகத்தான்.

கூட்டத்தில் இதைத்தான் சொல்லப் பார்த்தேன். அவளுக்காகச் செய்வதென்றால் பட்டியலே மாறிவிடும். பெயின்ட் பின்னால் போய்விடும். சாக்கடைக் குழாயைச் சரிவில் விடாமல் கீழ்வரை இறக்குவது, பஸ் நிற்கும் இடத்தில் மழைக்கு ஒரு கூரை, அடைத்த துளைகளைத் திறப்பது, வெட்டிப் போட்ட மண்ணில் புல் பிடிக்க வைப்பது, இவை முன்னால் வரும். இதெல்லாம் செய்த ஊர் டூரிஸ்ட் கண்ணுக்கும் மோசமாகத் தெரியாது என்றேன். "அண்ணன் சொல்றதும் கரெக்ட்தான்" என்றுவிட்டு நிறப் பட்டியலுக்குத் திரும்பினார்கள். இளமஞ்சளா, வெளிர்பச்சையா என்பதில் நின்றது.

பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்?

மேட்டுப்பாளையம் – குன்னூர் வரை எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான், கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி பள்ளம் பக்கம் மாறும். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு இடப்பக்கம் உட்காருங்கள், எல்லநள்ளி தாண்டியதும் கேத்தி திறக்கும். மழைக்காலம் என்றால் மட்டும் வலப்பக்கம். அருவங்காட்டுக்கு அப்புறம் அந்தச் சுவர் வரும், கடைசியில் காட்டுமாடு. நல்ல மழையில் அதன் ஒற்றைக் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும். ஒழுகவில்லை என்றால் இறங்கினதும் எங்கள் கடையில் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.